யாருக்குப் பரவாயில்லை

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்த அக்கா தெருவில் இறங்கி வருவது தெரிந்தால் பாதிக் கடைக்காரர்களுக்கு உள்ளே ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். பூக்கடைக்காரர் குனிந்து வாளிக்குள் எதையோ தேடுவார். மூலைச் சாப்பாட்டுக் கடையில் தேநீர் ஆற்றுகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் மட்டும் மாட்டிக்கொள்வேன். ரேடியோ, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கிற என் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. நாற்காலி போட்டால் ஆள் நிற்க இடமில்லை, ஆள் நின்றால் நாற்காலியை மடக்க வேண்டும். அதில் எங்கே போய் ஒளிவது?

சண்டைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை, குற்றம் அவ்வளவுதான். 'பரவாயில்லை' என்கிற வார்த்தை. நாம் எல்லோரும் மூச்சு விடுகிற மாதிரி அதைச் சொல்கிறோம். மீன் கொஞ்சம் நேற்றைய மீன், பரவாயில்லை. ரயில் இன்றைக்கும் தாமதம், பரவாயில்லை. லிஃப்ட் மூன்று மாதமாக ஓடவில்லை, பரவாயில்லை லா, படி ஏறினால் உடம்புக்கு நல்லது. நான் கிள்ளானிலிருந்து தினமும் ரயில் ஏறி வந்து போகிறவன். அந்த வார்த்தை இல்லாமல் இத்தனை வருஷம் என்னால் ஓட்டியிருக்கவே முடியாது.

அக்கா அது இல்லாமலே ஓட்டினார். ஒரு நாள் மூலைக் கடையில் எனக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, சீனி போடாத வெறுந்தேநீர் கேட்டார். இங்கே அதற்கு 'தே ஓ கோசோங்' என்று பெயர். வந்ததில் சீனி இருந்தது.

"அண்ணே, சீனி போட்டிருக்கீங்க."

"கொஞ்சந்தான்க்கா. பரவால்ல லா, குடிங்க."

"யாருக்குப் பரவால்ல? எனக்கா, உங்களுக்கா?"

நியாயமான கேள்விதானே? குடிக்கப் போகிறது யார்? வேறு தேநீர் வந்தது. அக்கா நிதானமாகக் குடித்து முடித்து, "இது நல்லாருக்கு" என்று மறக்காமல் சொல்லிவிட்டு எழுந்தார். நல்லதையும் அதே குரலில்தான் சொல்வார். அதை யாரும் காதில் வாங்குவதில்லை. "யாருக்குப் பரவால்ல?" மட்டும் எங்கள் தெருவில் பரவிவிட்டது. எவனாவது வேலையை அரைகுறையாகச் செய்தால் பூக்கடைக்காரர் அக்கா மாதிரியே தலையைச் சாய்த்துக் கேட்பார். எல்லோரும் சிரிப்போம்.

கோயில் ஒலிபெருக்கி விஷயம் அதற்கும் முந்தியது. திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அக்கா கோயில் அலுவலகத்துக்குப் போய், இடது பக்க ஸ்பீக்கர் உள்ளே கிழிந்திருக்கிறது, கழற்றிப் பாருங்கள் என்றிருக்கிறார். கமிட்டிக்காரர் ஒருவர், "சாமி பாட்டுதானே அக்கா, மனசுல பக்தி இருந்தாப் போதும்" என்று சமாளித்திருக்கிறார். "பக்தி எனக்கு இருக்கு. ஸ்பீக்கர்தான் கிழிஞ்சிருக்கு" என்றாராம். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். ஏணி போட்டு ஏறிக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருக்கும் காகிதக் கூம்பில் நகத்தளவு கிழிசல். கீழே நின்று கேட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. இத்தனைக்கும் அதுதான் என் பிழைப்பு! இறங்கி வரும்போது அக்கா ஏணிக்குக் கீழே நின்றிருந்தார்.

"இருக்கா?"

"இருக்குக்கா."

தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போய்விட்டார். பெருமைப்பட்டுக்கொள்ளக்கூட இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காது எப்படிப்பட்ட காது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துவைத்துக்கொண்டுதான் பிற்பாடு அப்படிப் பேசினேன்.

அவருக்குச் சோறு போட்டதே அந்தக் காதுதான். தொலைக்காட்சித் தமிழ் நாடகங்களில் படத்துக்கு அடியில் மலாய் எழுத்து ஓடுமே, அதை எழுதிக் கொடுக்கிற நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தார். பேசுவதைக் கேட்க வேண்டும், மலாயில் எழுத வேண்டும். கேட்காத இடத்தில் 'தெளிவில்லை' என்று குறித்துவிட்டு நகரலாம், அதற்கு அனுமதி உண்டு. அக்கா நகர மாட்டார். ஒரு நாடகத்தில் மகள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள், தாய் வாசலில் உட்கார்ந்து அழுகிறாள். அழுகைக்கு நடுவில் என்னமோ முனகுகிறாள். அக்கா ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த மூன்று விநாடியையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்தபோது முகமே வேறாக இருந்தது.

"தம்பி, அவ என்னா சொல்றா தெரியுமா? மழ வருது, காயப்போட்ட அரிசிய யாராச்சும் எடுங்கன்னு சொல்றா."

நான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

"மக போயிட்டா. ஆனா அரிசி நனையக் கூடாது பாருங்க" என்று சொல்லி, துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டார். அந்த அம்மாள் நாடகத்து அம்மாள் என்பதையே மறந்துவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் கணவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசாத மனிதர். வெகு காலத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஹெட்போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வகை ஹெட்போனுக்கு ரேடியோவின் பலம் பத்தாது, நடுவில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு சின்ன ஆம்ப் பெட்டி வேண்டும். செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்து கொடுத்தேன். அலுமினியப் பெட்டி, ஒரே ஒரு திருகு. என் கையால் செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று இப்போதும் சொல்வேன். சத்தத்தை முழுக்கத் திருகி வைத்துக் காதில் மாட்டினாலும் ஒரு முணுமுணுப்பு இருக்காது. அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, "போதும் தம்பி, இது போதும்" என்றார். அதற்குமேல் அவர் பேசி நான் கேட்ட ஞாபகம் இல்லை.

அவர் காலமாகிச் சில மாதத்தில் அக்காவின் பழைய ஹெட்போன் உடைந்துபோக, அவருடைய ஹெட்போனையும் பெட்டியையும் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஊருக்கு வெளியே டெங்கிலில் இருக்கும் ஒரே மகன், அம்மா தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று வாரா வாரம் கூப்பிட்டான். நல்ல பையன்தான். அக்காவோ, "தனியா இல்ல, என் வீட்டுல இருக்கேன்" என்பார். அது வாடகை வீடு. வேலை இருக்கும்வரை வீடு இருக்கும், வேலை போனால் டெங்கில்தான். டெங்கிலில் மருமகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், எந்நேரமும் தொலைக்காட்சி ஓடுகிறது. "அங்க போனா நான் எல்லாரையும் நிம்மதியா இருக்க விடமாட்டேன் தம்பி. அவங்க என்னைய வெறுக்க ஆரம்பிச்சிருவாங்க." இதையும் அதே சாதாரணக் குரலில்தான் சொன்னார்.

கணவர் போய் நான்கைந்து மாதம் இருக்கும். ஒரு நாள் அந்த அலுமினியப் பெட்டியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"பசியாறியாச்சா தம்பி?"

"ஆச்சுக்கா. என்னா சங்கதி?"

"இதுல ஹம் வருது."

எனக்குச் சுருக்கென்றது. நான் செய்த பெட்டியிலா? "இருக்காதேக்கா" என்றேன்.

அவர் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு, வாயை மூடி, "ம்ம்ம்ம்" என்று அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினார். கரண்டு இரையும் சுருதி அச்சு அசலாக அப்படியே வந்தது. ஆனால் பெட்டியைக் கடையில் மாட்டிக் கேட்டால் ஒன்றுமே இல்லை. அவர் காதிலேயே மாட்டினேன். "இங்க இல்ல. வீட்டுல இருக்கு" என்றார். ஒயரை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரம் திரும்பி வந்தார். உள்ளே இருக்கும் பெரிய கப்பாசிட்டரை மாற்றினேன், திரும்பி வந்தார். மடிக்கணினியைச் சார்ஜரில் போடாமல் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள் என்றேன். "பாத்துட்டேன். இருக்கு."

ஹெட்போனை நேராக மடிக்கணினியில் சொருகினால் சத்தம் பத்தவில்லை. சின்ன இயர்போன் வாங்கிப் போட்டுப் பார்த்தார், அரை மணியில் காது வலித்தது. உரக்கப் பேசுகிற இடமெல்லாம் அந்த இரைச்சலோடும் கேட்டுவிடும். முணுமுணுக்கிற இடம்தான் மூழ்கிப்போனது. நாடகங்களில் முக்கியமானதை எல்லாம் முணுமுணுத்துத்தானே தொலைக்கிறார்கள்! அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக 'தெளிவில்லை' என்று குறிக்கத் தொடங்கினார். ஒரு நாளில் முடிக்கிற நாடகம் மூன்று நாள் இழுத்தது. நிறுவனத்திலிருந்து ஒரு பெண் மரியாதையாகச் செய்தி அனுப்பினாள். மேடம், வயசு ஆகுது, காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்களேன் என்று. அக்கா கைப்பேசியை என்னிடம் நீட்டி அதைப் படிக்க வைத்தார்.

"காது நல்லாருக்கு தம்பி. எனக்குக் கேக்குதுன்னா அது இருக்கு."

வீட்டுக்கு வருகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, போக இரண்டு வாரம் ஆனது. அலுப்பு, வேறென்ன. எனக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. ரயிலில் நின்றுகொண்டே வந்து நின்றுகொண்டே போகிற உடம்பு. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, வேறு இரண்டு வீடுகளுக்குப் போக வேண்டியதை மனதில் ஓட்டிக்கொண்டே, அவருடைய நான்காவது மாடிக்குப் படியேறினேன். லிஃப்ட் வழக்கம்போல.

பழைய கட்டடம், பழைய ஒயரிங். சோதித்துப் பார்த்தேன். எர்த் கம்பி பேருக்குத்தான் இருந்தது. அப்படிப்பட்ட வீட்டில் ஏதோ ஒரு மோசமான சாமான் இரைந்தால் அந்த இரைச்சல் எல்லா பிளக்குக்கும் போகும். அது எந்தச் சாமான் என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வர வேண்டும். அக்கா மேசையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, விரலைத் தூக்கிக்கொண்டார். நான் நிறுத்த ஆரம்பித்தேன். இந்த ஊரில் நாங்கள் சுவிட்சை நிறுத்துவதை 'அடைப்பது' என்போம்.

"ஐஸ்பெட்டி அடைச்சாச்சு."

"இருக்கு."

"டிவி."

"இருக்கு."

துணி துவைக்கிற மெஷின், இணையப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கிற சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் "இருக்கு, இருக்கு" என்றார். கடைசியாகக் காற்றாடியையும் நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. மேசைக்குப் பின்னால், அவர் முதுகுக்கு அந்தப் பக்கம், சுவரில் கணவரின் படம் சந்தன மாலையோடு இருந்தது. படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி மாதிரி ஒரு சின்ன மின்விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் காரியத்தன்று மகன் வாங்கி வைத்தது. தீப்பெட்டி அளவில் ஓர் அடாப்டர், பாசார் சந்தையில் குவித்து வைத்து விற்கிற வகை. இரண்டு காலை வைத்துக்கொண்டு மூன்று ஓட்டை பிளக்கில் போகாத சாமான், மேல் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திணித்திருந்தான். தொழில்காரன் எவனும் முதலில் சந்தேகப்படுகிறது அந்தச் சனியனைத்தான். நானும் வாசலில் நுழையும்போதே பார்த்துவிட்டேன்.

குனிந்தேன். அடாப்டரில் கை வைத்தேன். லேசாகச் சூடாக இருந்தது.

கையை எடுத்துவிட்டேன்.

"எல்லாத்தையும் அடைச்சாச்சுக்கா" என்றேன்.

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேல், எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கைப் பார்த்தார். நகத்தளவு கிழிசலைத் தெருவில் நின்று கண்டுபிடித்த பெண்மணி இப்போது "அது என்னா?" என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஒயரை அழகாகச் சுற்றி வைத்தார். நானோ, அந்த நேரத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, எதுக்கும் காத ஒரு தடவ டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்" என்றேன்.

"சரி தம்பி" என்றார். "தே கலக்கட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்துக் கடைக்கு வந்தார். காது பரிசோதனைக் காகிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார். எல்லாக் கோடும் மேலேயே ஓடியது.

"என் வயசுக்கு இவ்வளவு நல்லாக் கேக்கக் கூடாதாம். மெஷின்ல கோளாறான்னு டெஸ்ட் பண்ண பொண்ணு ரெண்டு தடவ பாத்துச்சு."

வேறு ஆளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தானே! ஆனால் அதைச் சொன்னால் அன்றைக்குப் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "அப்பன்னா பெட்டிதான்க்கா, கொண்டாந்து குடுங்க" என்றேன். நல்லா இருந்த ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டு வேறு நல்ல பாகத்தைப் போட்டேன். மூன்று நாள் வைத்திருந்து கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போகும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வேலையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நிறுவனம் மெதுவாகத்தான் கைவிட்டது. முதலில் வாரத்துக்கு ஒரு நாடகம் என்றார்கள். பிறகு உரக்கப் பேசுகிற சமையல் நிகழ்ச்சி மட்டும் கொடுத்தார்கள். பிறகு ஒன்றும் வரவில்லை. அக்கா சண்டை போடவில்லை என்று கேள்விப்பட்டபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. பூக்கடைக்காரர்தான் சொன்னார். "டெங்கிலுக்குப் போறாங்களாம். தெரு அமைதியாயிரும்." சொல்லிவிட்டுச் சாமந்தியைக் கோக்க ஆரம்பித்தார்.

வீடு காலி செய்கிற அன்று என்னைக் கூப்பிட்டார். "ஒயரெல்லாம் கழட்டணும் தம்பி, எனக்குத் தெரியாது." போனேன். கூடம் முழுக்கப் பெட்டிகள். பெரிய சாமானெல்லாம் லோரிக்கு இறங்கிவிட்டது. மகன் கீழே ஆட்களோடு நின்றிருந்தான். மேசையும் ஆம்ப்பும் ஹெட்போனும் மட்டும் அப்படியே இருந்தன. கணவர் படத்துக்குக் கீழே விளக்கும் எரிந்தது.

"நேத்தோட வருஷத் திதி முடிஞ்சுது" என்றார். "ஒரு வருஷம் அணையக் கூடாதுன்னு மகன் சொல்லியிருந்தான்."

நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். விரலைத் தூக்கினார்.

"இப்ப அத அடைங்க."

குனிந்து அந்த அடாப்டரைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. அக்கா கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தார். தூக்கிய விரல் மெல்ல இறங்கியது. பிறகு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். மாட்டிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நான் செய்து கொடுத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"அன்னிக்கே தெரியுமாக்கா?"

"நீங்க பொய் சொன்னப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன்க்கா சொல்லல? வேலையே போயிருச்சே!"

அக்கா ஆம்ப் பெட்டியின் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இந்தப் பெட்டி அவருக்கு எதுக்குன்னு நெனச்சீங்க? வீட்டுல பாட்டுப் போட்டா நான் விடமாட்டேன் தம்பி. ஸ்பீக்கர் கரகரங்குது, பாட்டு இழுக்குது, அடைங்க அடைங்கன்னு ஒரு நாள்கூட அவர ஒரு பாட்ட முழுசாக் கேக்க விட்டதில்ல. ஒண்ணும் சொல்ல மாட்டாரு, எந்திரிச்சுப் போயி அடைப்பாரு. கடைசியில இத வாங்கியாந்து காதுல மாட்டிக்கிட்டு அந்த மூலையில உக்காந்துட்டாரு. அப்பறம் நான் பேசுறதும் அவருக்குக் கேக்கல. அவ்வளவுதான், எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே முடிஞ்சுபோச்சு." படத்தைப் பார்த்தார். "அவரோடது எல்லாத்தையும் அடைக்க வச்சவ நான். செத்தப்பறம் அவருக்குன்னு எரியிறது இது ஒண்ணுதான். இதையும் எனக்குச் சத்தமாருக்குன்னு அடைக்கிறதா? வேலையா, விளக்கான்னு வந்து நின்னுச்சு. விளக்குன்னு இருந்துட்டேன்."

வேலையா, விளக்கா! என் உள்ளங்கையில் அந்த அடாப்டர் இருந்தது. கோளாறு விளக்கில் இல்லை, இதில். விளக்கு எரிந்தபடியே இருக்க, இந்தத் தீப்பெட்டிக்குப் பதில் ஒரு நல்ல அடாப்டரைப் போட்டிருந்தால் போதும். கடையில் என் இழுப்பறையைத் திறந்தால் பத்துக் கிடக்கும். ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷமும் அணையக் கூடாதென்றால் பக்கத்தில் அகல் ஒன்றை ஏற்றி வைத்துவிட்டு மாற்றியிருக்கலாம். விளக்கும் இருந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும், இந்த வீடும் இருந்திருக்கும். அது அவருக்குத் தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவன் நான்.

"அன்னிக்கு நீங்க அதுல கைய வச்சிட்டு எடுத்தீங்க பாருங்க" என்றார் அக்கா. "நான் கண்ண மூடியிருக்கேன்னு நெனச்சீங்க. எதிர்ல டிவி அடைச்சிருந்துச்சே, அந்தக் கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வேற எவனா இருந்தாலும் புடுங்கிப் போட்டிருப்பான். நீங்க என் வீட்டுக்காரருக்கு மரியாதை குடுத்து, பொய்கூடச் சொன்னீங்க. அதுக்கு நான் உங்களுக்கு நன்றி சொல்லவே இல்ல தம்பி. ரொம்ப நன்றி."

மரியாதையா? அன்றைக்கு எனக்கு இடுப்பு வலி. வேர்வை கண்ணில் இறங்கியது. இன்னும் இரண்டு வீடு பாக்கி இருந்தது. இதைப் பிடுங்கினால் இந்த அம்மாள் அழுவார், உட்கார்ந்து ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் போய்விடும் என்று கணக்குப் போட்டு எடுத்த கை அது. அலுப்புத் தவிர அதில் வேறு ஒன்றுமே கிடையாது.

கீழேயிருந்து லோரிக்காரன் ஹார்ன் அடித்தான். அக்கா கணவரின் படத்தை இறக்கி, சேலைத் துணியில் சுற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். படியிறங்கும் முன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் தலையை ஆட்டி அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.